ஒரு தேதியில் எத்தனை கொடிகள்

2017 நவம்பர் 29, புதன்கிழமை. ஹைதராபாத் மெட்ரோ ரயிலில் பொதுமக்கள் டிக்கெட் எடுத்து ஏறிய முதல் நாள். தார்னாகாவுக்கும் செகந்திராபாத் கிழக்குக்கும் நடுவில், ரயில்வே குவார்ட்டர்ஸ்களை ஒட்டித் தூண்களின் மேல் நிற்கும் மெட்டுகுடா நிலையத்திலும் அன்று கூட்டம். பாதிப் பேருக்கு எங்கும் போகவேண்டிய வேலை இல்லை. ஏறிப் பார்க்க வந்தவர்கள்.

சரியாக எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, 1947 நவம்பர் 29 அன்று, ஹைதராபாத் நிஜாமும் இந்திய அரசும் ஸ்டாண்ட்ஸ்டில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இருக்கிற நிலை ஓராண்டுக்கு அப்படியே இருக்கட்டும் என்பது அதன் சாரம். 2009 நவம்பர் 29 அன்று தனித் தெலங்கானா கேட்டு கே. சந்திரசேகர ராவ் உண்ணாவிரதம் தொடங்கினார். அவருடைய கட்சி அதை 'தீக்ஷா திவஸ்' என்று இன்றும் கொண்டாடுகிறது. ஒப்பந்தம், உண்ணாவிரதம், மெட்ரோ மூன்றும் ஒரே தேதி. இப்படி அடுக்கினால் கேட்பவர் கண் கொஞ்சம் விரியும். விரியத் தேவையில்லை என்பது என் கட்சி. ஒரே தேதியில் நடந்தவை என்று நாம் வியப்பவற்றில் பெரும்பகுதி யாரோ ஒருவர் அங்கே கொண்டுபோய் வைத்தவை. தானாக வந்து விழுந்தவற்றை அநேகமாக எவரும் கவனிப்பதில்லை.

மெட்ரோவையே எடுத்துக்கொள்வோம். நாகோலிலிருந்து மெட்டுகுடா வரையிலான எட்டு கிலோமீட்டர், ஏழு நிலையங்கள் கொண்ட பகுதிதான் முதலில் தயாரானது. அதை 2015 மார்ச் 21 அன்று, யுகாதிப் பண்டிகையில் திறப்பதாகத் திட்டம். தெலுங்குப் புத்தாண்டில் புது ரயில் என்றால் சொல்லவும் அழகு, சுவரொட்டிக்கும் அழகு. அது நடக்கவில்லை. எட்டு கிலோமீட்டரை மட்டும் ஓட்டிப் பயனில்லை என்று காத்திருந்து, கடைசியில் மியாப்பூரிலிருந்து நாகோல் வரை முப்பது கிலோமீட்டர், 24 நிலையங்களையும் ஒருசேரத் திறந்தார்கள். திறந்தது நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை. உலகத் தொழில்முனைவோர் மாநாட்டைத் தொடங்கிவைக்கப் பிரதமர் அன்று ஹைதராபாத் வருவதாக இருந்தது. இவாங்கா டிரம்ப்பும் வந்திருந்தார். விருந்தினர் ஊரில் இருக்கும்போதே ரிப்பனையும் வெட்டிவிடலாம் என்பதில் வியக்க என்ன இருக்கிறது? மறுநாள் மக்கள் ஏறினார்கள். அந்த மறுநாள் நவம்பர் 29 ஆக அமைந்ததற்குக் காரணம் பிரதமரின் பயணத் திட்டம். நிஜாமுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

மெட்டுகுடாவைச் சுற்றி வசிக்கும் ரயில்வே குடும்பங்களுக்குத் தேதி வைக்கப்படும் விதம் புதிதல்ல. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் தென்மத்திய ரயில்வே 1966 அக்டோபர் 2 அன்று பிறந்தது. தெற்கு ரயில்வேயிலிருந்து விஜயவாடா, ஹூப்ளி கோட்டங்களையும், மத்திய ரயில்வேயிலிருந்து செகந்திராபாத், சோலாப்பூர் கோட்டங்களையும் பிரித்தெடுத்துச் செய்த மண்டலம் அது. காந்தி பிறந்தநாளில் தொடங்குவது அந்தக் கால அரசுக்குப் பழக்கம். சமூக வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2; பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2; பஞ்சாயத்து ராஜ் 1959 அக்டோபர் 2, ராஜஸ்தானின் நாகௌரில். எல்லாம் ஒரே கையெழுத்து. இதே தேதியில் 1904இல் லால் பகதூர் சாஸ்திரி பிறந்ததும், 1975இல் காமராசர் இறந்ததும் யாரும் வைத்ததல்ல. காந்தியத்தைக் கடைசிவரை விடாத ஒருவர் காந்தி பிறந்தநாளில் போனார் என்று தமிழ்நாட்டில் அப்போதிருந்து இன்றுவரை சொல்லிச் சொல்லி மாய்கிறோம். அந்தச் சொல்லில் துயரத்தின் உண்மை உண்டு. தேதிக்கென்று தனியே ஒரு நோக்கம் இல்லை.

ரயில்வே குவார்ட்டர்ஸில் இன்னொரு தேதியும் உண்டு: ஜூன் 30. அன்று மாலை பிரிவுபசார விழாக்கள் வரிசையாக நடக்கும். ஊழியர் அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார் என்பது விதி. ஒன்றாம் தேதி பிறந்தவராக இருந்தால் முந்திய மாதத்தின் கடைசி நாளிலேயே போய்விடவேண்டும். ஆக ஜூலை 1 என்று பதிவானவர்களும் ஜூனில் பிறந்தவர்களோடு சேர்ந்து ஜூன் 30இல் மாலை வாங்குகிறார்கள். அவ்வளவு பேர் உண்மையிலேயே ஜூலை முதல் நாளில் பிறந்தார்களா என்றால் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அப்பா பையனைக் கையில் பிடித்துக் கூட்டிப்போவார். பிறந்த தேதி கேட்டால் 'அந்தப் பெருமழைக்கு முந்தின வருஷம்' என்பார். ஆசிரியர் தாமாக ஒரு தேதி எழுதிக்கொள்வார். ஒரு தலைமுறையின் பிறந்தநாள்கள் அப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. வரலாற்றுப் பட்டியல்களிலும் இதுமாதிரி வாத்தியார் எழுதிய தேதிகள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

வைக்கப்படாத ஒற்றுமைகளும் நிறையவே உண்டு. அவை எத்தனை சுலபமாக நேரும் என்பதற்குக் கணிதத்தில் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. மெட்டுகுடாவில் நிற்கும் ரயிலின் ஒரு பெட்டிக்குள் யாரேனும் 23 பேரிடம் பிறந்தநாள் கேளுங்கள். இருவருக்காவது ஒரே தேதி இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 57 பேரிடம் கேட்டால் 99 சதவீதம். நம்பக் கஷ்டமாக இருப்பதற்குக் காரணம், நாம் ஒவ்வொருவரையும் நம்மோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது. 23 பேருக்குள் 253 ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு ஜோடியும் ஒரு சந்தர்ப்பம். வரலாறோ 23 பேர் அல்ல. போர், ஒப்பந்தம், பிறப்பு, இறப்பு, திறப்புவிழா, தீர்ப்பு என்று ஆயிரக்கணக்கில் கொட்டிக்கிடப்பவற்றை 365 பெட்டிகளுக்குள் அடைத்தால் ஒவ்வொரு பெட்டியும் பிதுங்கத்தான் செய்யும். 'இன்றைய நாளில்' என்று நாளிதழ்கள் தினமும் ஒரு கட்டம் போட முடிவது இதனால்தான். விஷயம் இல்லாமல் அந்தக் கட்டம் காலியாகப் போன நாளை நான் கண்டதில்லை.

அந்தப் பெட்டிகளே எல்லா ஊரிலும் ஒன்றா என்பது அடுத்த சிக்கல். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் மறைந்தார்கள் என்பார்கள். அந்தத் தேதியை யுனெஸ்கோ 1995இல் உலகப் புத்தக நாளாக அறிவித்தது. ஸ்பெயின் அப்போதே கிரெகோரிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து பழைய ஜூலியனிலேயே இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே 3. செர்வாண்டிஸ் இறந்ததும் 22ஆம் தேதி, 23 அடக்கம் செய்த நாள் என்பது அறிஞர் பலரின் முடிவு. தேதி ஒன்று, நாள் வேறு.

நமக்கு இதற்கு நேர் எதிரான உதாரணம் இருக்கிறது. பாரதியின் உயிர் திருவல்லிக்கேணியில் 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் பிரிந்தது. சூரியோதயத்திலிருந்து நாளை எண்ணும் நம் வழக்கப்படி அது இன்னும் பதினொன்று. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்குப் பன்னிரண்டு. தமிழக அரசு 2021இல் செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாக அறிவித்தது. பதிவேட்டை வைத்து 12 என்று வாதிடுபவர்களும் விடுவதாயில்லை. இங்கே நாள் ஒன்று, தேதி இரண்டு.

ஹைதராபாத் சமஸ்தானத்தில் இந்தக் குழப்பம் அன்றாட நடைமுறை. மசூதியிலும் அரண்மனையிலும் ஹிஜ்ரி, கச்சேரியிலும் கஜானாவிலும் பசலி, ரெசிடென்ஸியிலும் செகந்திராபாத் கண்டோன்மென்டிலும் ஆங்கிலத் தேதி. நம் ஊர் தாசில்தார் அலுவலகத்தில் ஜமாபந்தி நேரத்தில் அடிபடும் அதே பசலிதான். ஆனால் நம் பசலி ஜூலை 1இல் பிறக்கிறது, நிஜாமின் பசலி அக்டோபரில் ஆதர் மாதத்தோடு பிறந்தது. இதனால் 1948 செப்டம்பரில் சென்னை மாகாணத்துக் கர்ணம் பசலி 1358 என்று அடங்கலில் எழுதிக்கொண்டிருந்தபோது, எல்லைக்கு அப்பால் ஹைதராபாத் பட்வாரி 1357இன் கடைசி மாதமான ஆபானில் இருந்தார். ஹிஜ்ரிக்கு அது 1367, துல்கஃதா மாதம். தமிழ்க் கணக்கில் சர்வதாரி ஆண்டு, ஆவணி முடிந்து புரட்டாசி தொடங்கும் சந்து. வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழிக்கும் முன் நிதானமாகப் பாருங்கள்: நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி, பக்கத்தில் தமிழ்த் தேதி, ஓரத்தில் ஹிஜ்ரி, கீழே திதியும் நட்சத்திரமும் ராகுகாலமும். நாலைந்து கணக்குகள் அந்தத் தாளில் ஒன்றாக அச்சாகியிருக்கின்றன. மறு ஆண்டு இதே ஆங்கிலத் தேதியில் அவற்றில் பாதி இடம் மாறியிருக்கும்.

சில மாறாது. வட, கிழக்கு இந்தியப் பட்டறைகளில் கொண்டாடும் விசுவகர்மா பூஜை கிட்டத்தட்ட ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17இலேயே வருகிறது. மற்றப் பண்டிகைகள் திதியைப் பார்த்து அலைய, இது மட்டும் சூரியன் கன்னி ராசிக்குள் நுழைவதைப் பார்ப்பதால் ஆங்கிலத் தேதியோடு ஒட்டிக்கொண்டது. அதுவும் நிரந்தரமல்ல, சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நழுவும்.

செப்டம்பர் 17 என்று சொல்லிவிட்டோம். ஹைதராபாத்துக்கு அதைவிடக் கனத்த தேதி கிடையாது.

1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் பல திசைகளிலிருந்து சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. சோலாப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த முக்கியப் படைக்கு மேஜர் ஜெனரல் ஜே.என். சௌத்ரி தலைவர். 'ஆபரேஷன் போலோ' என்பது ராணுவம் வைத்த பெயர். ஊரார் சொல்வது போலீஸ் ஆக்‌ஷன். பீரங்கி வண்டியோடு வந்த காரியத்தைப் போலீஸ் நடவடிக்கை என்று அழைத்தது சர்வதேச சபையில் பதில் சொல்லவேண்டியிருந்த டெல்லிக்கு வசதி. இரண்டு நாள் முன்னதாக, செப்டம்பர் 11 அன்று கராச்சியில் ஜின்னா இறந்திருந்தார். நிஜாம் அரசு ஆகஸ்ட் 21 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்புக் குழுவிடம் கொடுத்திருந்த புகார், பாரிஸில் செப்டம்பர் 16 அன்று விவாதத்துக்கு வந்தது. அதற்குள் ஊரில் கதை முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. 17 வெள்ளிக்கிழமை நிஜாமின் பிரதமர் லாயிக் அலியின் அமைச்சரவை ராஜினாமா செய்தது. மாலையில் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் போர்நிறுத்தத்தை அறிவித்து வானொலியில் பேசினார். இந்திய அரசின் பிரதிநிதியாக அங்கிருந்த கே.எம். முன்ஷியும் பேசினார்.

அதே வெள்ளிக்கிழமை ஜெருசலேமின் கட்டமோன் பகுதியில் மூன்று கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சாலையை மறித்து ஒரு ஜீப் நின்றது. இறங்கியவர்களில் ஒருவன் கடைசிக் காரின் ஜன்னல் வழியே சுட்டான். பாலஸ்தீனத்துக்கு ஐக்கிய நாடுகள் அனுப்பியிருந்த சமரசத் தூதர், ஸ்வீடனின் ஃபோல்கே பெர்னடாட் அங்கேயே சாய்ந்தார். பக்கத்தில் இருந்த பிரெஞ்சு கர்னல் ஆந்த்ரே செரோவும் கொல்லப்பட்டார். செய்தது லெஹி என்ற யூதத் தீவிரவாதக் குழு. பாதுகாப்புக் குழுவின் மேசையில் அந்த வாரம் ஹைதராபாத்தும் பாலஸ்தீனமும் பக்கம் பக்கமாகக் கிடந்தன.

இனி 1947 நவம்பர் 29ஐ மறுபடி பார்க்கலாம். நிஜாம் ஸ்டாண்ட்ஸ்டில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அந்த நாளில்தான் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது: ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. எதிர்த்தவர்களில் இந்தியாவும் ஒன்று. ஹைதராபாத்தின் இழுபறிக்கு ஆரம்பமும் முடிவுமான இரண்டு தேதிகளும் பாலஸ்தீன வரலாற்றின் இரண்டு பெரிய தேதிகளோடு அச்சுப்பிசகாமல் பொருந்துகின்றன. இதை யாரும் வைக்கவில்லை. இதற்கு விழா இல்லை, கொடி இல்லை, ஃபிளெக்ஸ் இல்லை.

முழுக்கத் தற்செயல் என்றும் இதைத் தள்ளிவிட முடியவில்லை. தேதி தற்செயல், பருவம் தற்செயலல்ல. பிரிட்டன் 1947லும் 1948லும் தான் ஆண்ட இடங்களை அவசரமாகக் காலி செய்துகொண்டிருந்தது. யாரிடம் எதை ஒப்படைப்பது என்று முடிவாகாத இடங்களில் எல்லாம் முதலில் ஒரு தற்காலிகக் காகிதம், பிறகு துப்பாக்கி, பிறகு ஐக்கிய நாடுகளுக்கு ஒரு மனு என்ற வரிசையில் காரியங்கள் நடந்தன. காஷ்மீரும் அந்த வரிசையில்தான் வரும். ஒரே மாதங்களில் ஒரே மாதிரி நெருக்கடிகள் முற்றும்போது சில சம்பவங்கள் ஒரே நாளில் போய் நிற்பது எதிர்பார்க்கக்கூடியதே. ஆய்வாளனுக்கு வேலை அந்தப் பருவத்தில் இருக்கிறது. பெர்னடாட் இறந்து முப்பது ஆண்டு கழித்து, 1978 செப்டம்பர் 17 அன்று, எகிப்தும் இஸ்ரேலும் கேம்ப் டேவிட் உடன்பாட்டில் கையெழுத்திட்டதையும் சேர்த்து வியக்கலாம். அதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

சரி, ஹைதராபாத்துக்கு ஏன் 17? நிஜாமின் படைத்தலைவர் எல் எத்ரூஸ், சௌத்ரியைச் சந்தித்து முறைப்படி சரணடைந்தது மறுநாள், 18 மாலை. இந்தியப் படை நகருக்குள் வந்ததும் அன்றுதான். ராணுவ வழக்கப்படி பார்த்தால் நாள் 18. மக்கள் காதில் விழுந்தது 17ஆம் தேதி வானொலி. மக்கள் நினைவு அதையே பிடித்துக்கொண்டது. கட்சிகளும் அதையே எடுத்துக்கொண்டன. இந்தத் தேர்வில் ஒன்று விடுபட்டது. படை நுழைந்த நாள்களிலும் அதைத் தொடர்ந்த வாரங்களிலும் மராத்வாடா, கர்நாடகப் பகுதி மாவட்டங்களில் முஸ்லிம்கள் ஏராளமாகக் கொல்லப்பட்டார்கள். நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, குறைத்து மதிப்பிட்டாலும் 27,000 முதல் 40,000 உயிர்கள் என்றது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை. அதற்கு முன்பு நிஜாம் ஆட்சிக்கு ஆதரவான காசிம் ரஸ்வியின் ஆயுதப்படை, ரஜாக்கர்கள், கிராமங்களில் செய்த அட்டூழியங்களை நேரில் கண்டவர்களுக்கு 17 விடிவு; செப்டம்பருக்குப் பிறகு வீட்டு ஆண்களை இழந்தவர்களுக்கு அதே தேதி இழவு. செங்கொடிக்காரர்களுக்கு இரண்டும் இல்லை. 1947 செப்டம்பர் 11 அன்று நிஜாமுக்கு எதிராக ஆயுதப் போராட்டத்துக்கு அறைகூவல் விட்டவர்கள் அவர்கள். நிஜாம் பணிந்த பிறகு அதே ராணுவம் விவசாயிகள் பக்கம் திரும்பியது. போராட்டம் 1951 அக்டோபர் வரை இழுத்தது. நிஜாமோ ராஜப்பிரமுகர், அதாவது ஆளுநருக்கு இணையான மாநிலத் தலைவர் ஆனார். விமோசனம், விலீனம், வித்ரோகம் என்று இந்தத் தேதிக்குத் தெலுங்கில் மூன்று பெயர்கள் புழங்குவது இதனால்தான்: விடுதலை, இணைப்பு, துரோகம்.

பழைய சமஸ்தானம் 1956இல் மூன்றாகப் பிரிந்தது. மராத்வாடா மகாராஷ்டிரத்தில் முக்தி சங்க்ராம் தினம் கொண்டாடுகிறது. கல்யாண கர்நாடகம் கல்புர்கியில் கொடியேற்றுகிறது. தலைநகர் இருந்த தெலங்கானாவில் மட்டும் மாநில அரசு பல பத்தாண்டுகள் அரசு விழா எடுக்காமல் இருந்தது. 2022இல் திடீரென்று இரண்டு விழாக்கள். செகந்திராபாத் பரேட் மைதானத்தில் மத்திய அரசு சார்பில் அமித் ஷா 'விடுதலை' தினக் கொடியை ஏற்றினார்; அதே காலையில் நாம்பள்ளி பப்ளிக் கார்டனில் அப்போதைய முதலமைச்சர் சந்திரசேகர ராவ் 'தேசிய ஒருமைப்பாட்டு' தினக் கொடியை ஏற்றினார். 2023இல் மூன்றாவது மேடையும் சேர்ந்தது: நகருக்கு வெளியே துக்குகுடாவில் காங்கிரஸ் பொதுக்கூட்டம், ஆறு வாக்குறுதிகள். அந்த ஆண்டின் கடைசியில் ஆட்சி மாறியது. 2024 மார்ச்சில் மத்திய உள்துறை 'ஹைதராபாத் விடுதலை நாள்' என்று அரசிதழில் அறிவித்தது. செப்டம்பரில் ரேவந்த் ரெட்டி அரசு 'பிரஜா பாலன தினோத்சவம்' என்று வேறு பெயர் சூட்டியது. மக்களாட்சி நாள் என்று வைத்துக்கொள்ளலாம். பிரதமர் மோடி பிறந்ததும் 1950 செப்டம்பர் 17 என்பதால் பரேட் மைதானத்து மேடையில் இரண்டு காரணங்கள் இருந்தன.

அந்த 2024 செப்டம்பர் 17 அன்று நகரம் வேறொன்றில் மூழ்கியிருந்தது. அன்று அனந்த சதுர்த்தசி. ஹுசேன் சாகரில் விநாயகர் கரைப்பு. மீலாதுன் நபியும் அதே வாரத்தில் வந்தது. ஊர்வலங்கள் ஒன்றோடொன்று மோதவேண்டாம் என்று மீலாத் ஊர்வலத்தை 19ஆம் தேதிக்குத் தள்ளிக்கொண்டார்கள். முந்திய ஆண்டு இதைவிடக் கச்சிதம்: 2023 செப்டம்பர் 28 அன்று மீலாதும் கரைப்பும் ஒரே நாள், ஊர்வலம் அக்டோபர் 1க்குப் போனது. தேதிகள் ஒன்றாகும்போது மனிதர்கள் உட்கார்ந்து பேசி நாளை நகர்த்திக்கொள்ள முடியும் என்பதற்கு இவ்வூரில் இவ்வளவு நடைமுறைச் சான்று இருக்கிறது. அரசியல் மேடைகள் இதில் பாடம் கேட்பதில்லை. அதே செப்டம்பர் 28இல்தான், 1908இல், நகரின் மூசி ஆறு பெருகி ஆயிரக்கணக்கில் மக்களைக் கொண்டுபோனது. அஃப்சல்கஞ்ச் மருத்துவமனை வளாகத்துப் புளியமரத்தில் ஏறிக்கொண்ட நூற்றைம்பது பேர் பிழைத்தார்கள். மரம் இன்னும் நிற்கிறது. வெள்ளத்துக்குப் பின் அழைக்கப்பட்ட விசுவேசுவரய்யாவின் யோசனையில்தான் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் வந்தன. ஹைதராபாத்துக்காரரிடம் செப்டம்பர் 28 என்றால் உடனே இதைச் சொல்பவர் குறைவு.

தமிழனுக்கு செப்டம்பர் 17 என்றால் ஹைதராபாத் நினைவுக்கு வராது, ஈரோடு வரும். 1879 செப்டம்பர் 17 பெரியார் பிறந்த நாள். திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது 1949 செப்டம்பர் 17, நிஜாம் வானொலியில் பேசிச் சரியாக ஓராண்டு கழித்து. இதில் எது தற்செயல், எது தேர்வு என்று பிரிப்பது எளிது. 1949 ஜூலை 9 அன்று பெரியார் மணியம்மையை மணந்தார். அதை ஏற்காத அண்ணாவும் தோழர்களும் வெளியேறினார்கள். யாரை விட்டுப் பிரிந்தார்களோ அவருடைய பிறந்தநாளிலேயே புதுக் கட்சி. தலைவர் நாற்காலியை அவருக்காகக் காலியாக விட்டுவைத்து, அண்ணா பொதுச்செயலாளர் மட்டும் ஆனார். மகன் தனிக்குடித்தனம் போகும்போது அப்பாவின் பெயரையே வீட்டுக்கு வைப்பதுபோன்ற காரியம் அது. இங்கும் ஹைதராபாத்தின் 17, 18 சிக்கல் அப்படியே இருக்கிறது: பவளக்காரத் தெருவில் கூடி முடிவெடுத்தது 17, ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் மக்கள் முன் கட்சி அறிமுகமானது 18. நிலைத்தது 17. அண்ணாவின் பிறந்தநாள் செப்டம்பர் 15 அருகிலேயே அமைந்தது தற்செயல். அதையும் இழுத்துச் சேர்த்து முப்பெரும் விழா ஆக்கியது அமைப்புத் திறமை. 2021இல் மாநில அரசு செப்டம்பர் 17ஐச் சமூக நீதி நாளாக அறிவித்தது.

இந்தத் தேதியில் தமிழகம் மறந்த ஒருவர் இருக்கிறார். திரு.வி.க. இறந்தது 1953 செப்டம்பர் 17. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை அனுமதிக்க மறுத்த தலைவர் அவர். பெரியார் வெளியேறியது அந்த மாநாட்டிலிருந்துதான். ஒருவர் பிறந்தநாளில் மற்றவர் மறைந்தது வெறும் தற்செயல். ஆனால் ஒரு தேதிக்குள் இரண்டு பேருக்கு இடம் கொடுக்க நம் பொதுநினைவுக்கு மனமில்லை என்பது தற்செயலல்ல. தொழிற்சங்கம் கட்டிய அந்த மனிதருக்கு அன்று ஒரு மாலையாவது விழுகிறதா என்று பார்த்தால், பெரியாருக்கும் மோடிக்கும் எதிரெதிரே கட்டிய ஃபிளெக்ஸ் பலகைகளுக்கு நடுவில் தேடவேண்டியிருக்கிறது.

செகந்திராபாத்துத் தமிழர்களுக்கு இன்னும் அருகில் ஒரு ஜோடி இருக்கிறது. மெட்டுகுடாவிலிருந்து அதிகத் தூரமில்லாத மகபூப் கல்லூரி, சோமசுந்தரம் முதலியார் 1862இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. சிகாகோவுக்குப் போகும் முன் விவேகானந்தர் 1893 பிப்ரவரி 13 அன்று அங்கே ஆங்கிலத்தில் பொதுச் சொற்பொழிவு ஆற்றினார். ஹைதராபாத்தில் சரோஜினி நாயுடு பிறந்தது 1879 பிப்ரவரி 13. அந்தச் சொற்பொழிவு நாளில் அவருக்குப் பதினாலு வயது நிறைந்தது. கல்லூரி அதைக் கொண்டாடுகிறது, மகளிர் அமைப்புகள் இதைக் கொண்டாடுகின்றன. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எந்தக் கட்சிக்கும் இலாபமில்லாததால் இரண்டும் தனித்தனியே அமைதியாக இருக்கின்றன.

இதோடு 2009 டிசம்பர் 9ஐ ஒப்பிடலாம். சந்திரசேகர ராவின் உண்ணாவிரதம் பதினோராம் நாளை எட்டிய அந்த இரவில், உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் தெலங்கானா உருவாக்கும் பணி தொடங்கும் என்று அறிவித்தார். அன்று சோனியா காந்தியின் பிறந்தநாள். காங்கிரஸ்காரர்கள் அன்றே அதைப் பிறந்தநாள் பரிசு என்றார்கள். 2024 டிசம்பர் 9 அன்று தலைமைச் செயலக வளாகத்தில் தெலங்கானா தல்லி சிலையை ரேவந்த் ரெட்டி திறந்தார். முதலாவதில் தற்செயலுக்குக் கொஞ்சம் பங்கு இருந்திருக்கலாம். இரண்டாவதில் துளியும் இல்லை. பதினைந்து ஆண்டுகளில் ஒரு தேதி கட்சியின் சொத்தாகும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் சிக்குவது அரிது. நவம்பர் 29 ஒரு கட்சிக்கு, டிசம்பர் 9 இன்னொரு கட்சிக்கு, செப்டம்பர் 17 மூன்றாவதுக்கு என்று ஒரே மாநிலத்தின் கதை காலண்டரில் பங்கு பிரிந்திருக்கிறது.

சட்டம் படித்தவரிடம் ஹைதராபாத் என்றைக்கு இந்தியாவில் சேர்ந்தது என்று கேட்டால் இவற்றில் எதையும் சொல்லமாட்டார். 1948 செப்டம்பரில் நடந்தது ராணுவத் தோல்வியும் ராணுவ ஆட்சியும். இந்திய அரசியல் சட்டத்தை ஏற்பதாக நிஜாம் ஃபர்மான் வெளியிட்டது 1949 நவம்பர் 23. அது நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. அன்றே நிஜாம் ராஜப்பிரமுகராகவும், ஐ.சி.எஸ். அதிகாரி எம்.கே. வெல்லோடி முதலமைச்சராகவும் பொறுப்பேற்றார்கள். அந்த ஜனவரி 26உம் வைக்கப்பட்ட தேதிதான். 1930இல் காங்கிரஸ் பூரண சுயராஜ்ய நாள் கொண்டாடிய தேதி அது. 1949 நவம்பரிலேயே முடிந்துவிட்ட அரசியல் சட்டத்தை அதற்காக இரண்டு மாதம் காக்கவைத்தார்கள். குடியரசு நாள் அணிவகுப்பு பரேட் மைதானத்திலும் நடந்திருக்கிறது. ஹைதராபாத் இந்தியாவில் சட்டப்படி இணைந்த நாள் அது என்று அந்த மேடையில் யாரும் தனியாக அறிவிப்பதில்லை. அதற்கென்று விடுமுறை கேட்ட கட்சியும் இல்லை.